தோப்புக் கழிவும் பொக்லைன் இயந்திரமும்

பாலாற்றுப் படுகையில் ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கங்களில், காய்ப்பு ஓய்ந்த தென்னைகளை வெட்டிய பின் அடிக்கட்டையும் மட்டையும் தோப்பிலேயே கிடப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். தண்டுக்கு விலையுண்டு, மிச்சத்தைக் கேட்பாரில்லை. ஆகவே சிலர் தீயிடுகின்றனர். சிலர் அப்படியே மக்க விடுகின்றனர். இரண்டும் நஷ்டம் என்பதே நமது அபிப்பிராயம்.

மக்கும் கட்டையில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிறது. அங்கே புழுவாய் வளர்ந்து, வண்டாகி, அயல் தோப்பின் குருத்தைத் துளைக்கிறது. ஒருவர் விட்ட கட்டைக்கு அடுத்தவர் அபராதம் கட்டுகிறார்! தீயிடுவதோ நம் பகுதிக்கு மேலும் கேடு. தோல் பதனிடும் ஆலைகளின் உப்புக் கழிவுநீரால் கெட்ட நிலங்கள் இங்கே பல. 1996-இல் வேலூர் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்ததும், 2025-இல் பாலாற்று மாசு குறித்து மீண்டும் ஆணையிட்டதும் அங்கத்தினர் அறிந்தவையே. அத்தகைய மண்ணுக்குச் சேரவேண்டிய மக்கைப் புகையாக்குவது எவ்வகையிலும் தகாது.

கடப்பாரையும் கோடரியும் கொண்டு வெகுநேரம் போராட வேண்டிய கட்டையைப் பொக்லைன் சில நிமிடங்களில் பெயர்த்துவிடும். ஆயினும் மண் அள்ளும் வாளியாலேயே கழிவையும் வாரினால் மேல்மண் அதனோடு போய்விடும். வாளியைக் கழற்றி, பல்லுள்ள வாரியையோ கட்டையைக் கவ்வும் கொறடையோ பூட்டுதல் வேண்டும். பின்லாந்துக் காடுகளில் இவ்வகை இயந்திரத்தால் அடிக்கட்டைகளைப் பிடுங்கி, மண்ணை உதறி, உலர அடுக்கிவைத்த பின்னரே எரிபொருளுக்கு அனுப்பினர். அந்த உதறலைத்தான் நம் ஓட்டுநர்கள் கற்கவேண்டும். ஈரநிலத்தில் இயந்திரத்தை இறக்கலாகாது, மண் இறுகிவிடும்.

அரை ஏக்கர்க்காரர் தனியே அழைத்தால், மணிக்கணக்கு வாடகையோடு இயந்திரம் வந்து போகும் செலவும் அவர் தலையிலேயே விழும். பத்துத் தோப்பினர் சேர்ந்து சங்கத்தின் மூலம் வரிசை முறையில் அமர்த்தினால் அச்செலவு பங்காகும். வேளாண்மைப் பொறியியல் துறையும் மண் அள்ளும் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. கூலியாட்களின் பிழைப்புக் கெடுமே என்பாரும் உளர். கட்டையைப் பிளத்தல், மட்டையை நறுக்குதல், உரக்குழி நிரப்புதல் ஆகியவை கைவேலையாகவே எஞ்சும்.

உரக்குழியிலும் வண்டு முட்டையிடும். ஆதலால் அதனைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குவதோடு, பச்சை மஸ்கார்டின் பூஞ்சையையும் இடவேண்டும். உலர்ந்த கட்டைகளை நெசவாளர் சங்கங்களின் சாயக் கொப்பரைகளுக்கு விறகாகத் தரலாம். விலையை இரு சங்கத்தாரும் கூடிப் பேசிக்கொள்ளட்டும். மழைக்கு முன் தோப்பு வெட்டவிருக்கும் அங்கத்தினர்களின் பெயரையும் நிலப்பரப்பையும் சங்கக் காரியதரிசிகள் இப்போதே குறித்துக்கொண்டால், இயந்திரத்தை எவ்வூரிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்யலாம்.