இளமரத்தில் கத்தி

செராஸ் வட்டாரத்தில், பண்டார் துன் ரசாக்கில் நிற்கும் கோலாலம்பூர் காற்பந்து அரங்கில் விளக்கேற்றி ஆட்டம் நடைபெறும் இரவுகளில், சுற்றுப்புறத்து அடுக்குமாடி வீடுகளிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளும் கூட்டங்கூட்டமாகச் செல்வர். ஆட்டம் காண்பது நன்று. ஆடுவது அதனினும் நன்று. இதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால், அவ்வொளியில் மயங்கிய பிள்ளைகளுள், கால் வலுவும் வேகமும் வாய்த்த சிலர், படிவம் நான்கிலோ ஐந்திலோ பள்ளியை உதறிவிட்டு, எஸ்.பி.எம். தேர்வும் எழுதாது, ஏதேனும் ஓர் அணியின் அழைப்பை நம்பிப் போய்விடுகின்றனர். அவ்வாறு போகிறவனுக்கு மாலையிட்டுப் படமெடுத்து, “பையன் பிழைத்துக்கொண்டான்” என்று சமூகம் கை கொட்டுகிறது. இக் கைகொட்டல் தீது என்பதே நமது அபிப்பிராயம். காரணங்களை ஒளிவு மறைவின்றிக் கூறுவோம்.

மறுப்போர் என்ன சொல்வர் என்பதை நாம் அறிவோம். “பள்ளி இவனுக்கு என்ன கொடுத்தது? பின்வரிசைப் பலகையும் வாத்தியாரின் வசையுந்தானே! உடம்பில் இளமை இருப்பது பத்தாண்டு. அதனைப் பரீட்சைக்குப் பலியிடுவதா? அமெரிக்க நாட்டைப் பாருங்கள். கூடைப்பந்து வீரர்கள் கல்லூரியைப் பாதியில் விட்டுத் தொழில்முறை அணிகளில் சேர்ந்து கோடி கோடியாய்க் குவிக்கவில்லையா?” என்பர். இக் கேள்விகள் ஏளனம் செய்து தள்ளத்தக்கவை அல்ல. ஆதலின், அவர்கள் காட்டும் அமெரிக்காவையே முதலில் பார்ப்போம்.

ஸ்பென்சர் ஹேவுட் என்பவர் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக் காட்டு வறுமையில் பிறந்த கறுப்பர். உயர்பள்ளியை முடித்து நான்கு ஆண்டு கழியாதவன் தொழில்முறைக் கூடைப்பந்து ஆடலாகாது என்று என்.பி.ஏ. எனும் அமைப்பு விதித்திருந்த காலத்தில், அவர் வழக்காடினார். 1971ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அவர் செய்தது சரியென்றே நாமும் சொல்வோம். ஏழைத் தாயின் மகன் உழைத்து ஊதியம் பெறுவதைத் தடுக்க எந்தச் சங்கத்துக்கும் உரிமை இல்லை. பிற்காலத்தில், 2005ல், பத்தொன்பது வயது நிரம்ப வேண்டும், உயர்பள்ளி முடித்து ஓராண்டு கழிய வேண்டும் என்று புது விதி செய்தனர். விளைந்தது யாது? பிள்ளைகள் பெயருக்கு ஓராண்டு கல்லூரியில் இருந்துவிட்டுப் புறப்பட்டனர். கல்வியும் வளரவில்லை, அவர்களை வைத்துக் கல்லூரிகள் நுழைவுச்சீட்டு விற்ற வருவாய்தான் வளர்ந்தது. தம் பெயரையும் படத்தையும் கொண்டு ஒரு காசு ஈட்டவும் அம்மாணவர்க்கு 2021வரை உரிமை இருந்ததில்லை. ஆகவே, வெறும் வயதுத் தடை கல்வி ஆகாது. தடை போடுவோர் எல்லாரும் கல்வியின் காவலரும் ஆகார். நாம் தடை கேட்க வரவில்லை.

ஆனால், அந்த அமெரிக்கக் கதையின் மறுபாதியை ஏன் எவரும் சொல்வதில்லை? அங்கே ஆண்டுதோறும் இரு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கப்படுவோர் ஏறத்தாழ 60 பேரே. அதுவும் உலகம் முழுமைக்கும். 2003ல் பள்ளியிலிருந்து நேரே வந்து முதலாவதாகத் தேர்வான லெப்ரான் ஜேம்ஸின் பெயரை நம் சிறுவரும் அறிவர். அதற்கு முந்திய ஆண்டில், அவருக்கு இணையாகப் பேசப்பட்ட லெனி குக் என்ற இளைஞர் பெயர் கொடுத்துக் காத்திருந்தார், எந்த அணியும் அழைக்கவில்லை, என்.பி.ஏ. திடலில் ஓர் ஆட்டமும் ஆடாமலே அவர் காலம் கழிந்தது. பஞ்சாபின் சிற்றூரிலிருந்து சென்ற சத்னாம் சிங்கை 2015ல் டல்லாஸ் அணி 52ஆம் இடத்தில் தேர்ந்தது. இந்தியாவில் பிறந்து தேர்வான முதல்வர் என்று நாடே கொண்டாடியது. அவரும் அந்த லீக்கில் ஓர் ஆட்டம் ஆடவில்லை. வென்றவனின் பெயரை ஊரறியும். தோற்றவனின் பெயரை அவன் தாய் மட்டுமே அறிவாள். ஒருவனைக் காட்டி நூறு பேரை அழைப்பதற்குப் பெயர் வழிகாட்டலா? சூதாட்டக்காரன் செய்வதும் அதுதானே!

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே அமெரிக்காவைப்போல் பெயர் சொல்லி அழைத்துக் கோடி கொடுக்கும் சடங்கும் இல்லை. ஒரு தேர்வாட்டம், ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு பருவத்துக்கான ஒப்பந்தம், பலருக்கு அவ்வளவே. இந்நாட்டில் முழுத் தொழில்முறைக் காற்பந்து லீக் பிறந்தது 1994ல். பிறந்த சூட்டிலேயே ஆட்டத்தை விலை பேசிய ஊழல் வெடித்தது. 21 ஆட்டக்காரரும் பயிற்றுநரும் நீக்கப்பட்டனர். 58 ஆட்டக்காரர் தடை செய்யப்பட்டனர். குற்றம் செய்தவரைக் காக்க நாம் முன்வரவில்லை. ஆனால், பந்து ஒன்றைத் தவிர வேறு கைத்தொழில் அறியாதவனுக்குத் தடைக்குப் பின் எது வாழ்வு என்று அன்று கேட்டவர் யார்?

அண்மைக் காலத்துச் செய்தி வேறு விதமா? செராஸ் அரங்கைத் தன் சொந்தத் திடலாகக் கொண்ட கோலாலம்பூர் அணி 2021ல் மலேசியக் கிண்ணத்தை முப்பத்திரண்டு ஆண்டுக்குப் பின் வென்றது, 2022ல் ஏ.எப்.சி. கிண்ணத்தின் இறுதியாட்டம்வரை சென்றது. அத்தகைய அணியின் ஆட்டக்காரருக்கே பின்னர்ச் சம்பளம் மாதக் கணக்கில் நிலுவை நின்றது என்பதை ஏடுகளில் படித்தோம். கிண்ணம் வென்றவன் கதி இதுவாயின், துணை வரிசையில் காத்திருக்கும் பதினேழு வயதுப் பையனின் கதி என்ன?

நம்மவர்க்கென்றே தோன்றிய முயற்சியின் முடிவும் சிந்திக்கத்தக்கது. இந்திய இளைஞருக்கு லீக்கில் இடம் வேண்டும் என்னும் நன்னோக்கோடு மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம் ஓர் அணியை எழுப்பியது. அவ்வணி படிப்படியாய் ஏறி, 2019ல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீக்கில் ஆடியது. பின்னர் அயல்நாட்டவர் ஒருவருமின்றி உள்நாட்டு இளைஞரைக் கொண்டே ஆடிக் காட்டியது, பெருமைப்பட்டோம். 2022ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் அது லீக்கிலிருந்தே விலகிவிட்டது. அணி விலகலாம், முதலாளி வேறு தொழில் பார்க்கலாம், அதனையே நம்பி ஏட்டைக் கீழே வைத்த பிள்ளை எங்கே விலகுவான்?

இதனை எண்ணுகையில் புக்கிட் ஜாலில் நம் நினைவுக்கு வராமற் போகாது. 1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் போட்டிக்காகப் பேரரங்கம் எழுந்த அந்நிலம், முன்னாளில் நம் மக்கள் பால்மரம் வெட்டிய தோட்டம். அரங்கம் எழுந்து பத்தாண்டுக்கு மேலாகியும், அத்தோட்டத்துக் குடும்பங்கள் சில, லயத்து வீடுகளில் இருந்தபடி வீட்டுரிமைக்குப் போராடிக்கொண்டிருந்தன. அத்தோட்டத்து மக்கள் நன்கறிந்த ஓர் உண்மை உண்டு. பால்மரக் கன்றில் எவனும் கத்தி வைப்பதில்லை. ஐந்தாறு ஆண்டு வளர்ந்து, அடிமரம் உரிய சுற்றளவு பெற்ற பின்னரே முதல் வெட்டு. முந்தி வெட்டினால் மரம் குன்றும். பிந்நாளைய பாலும் கெடும். ஆகவேதான் இலாபமொன்றே குறியாயிருந்த வெள்ளைத்துரையும் மரத்துக்குப் பொறுமை காட்டினான். மரத்துக்குக் காட்டிய அப் பொறுமையை நம் மகனுக்கு நாம் காட்ட மறுக்கிறோமே, இது எவ்வகை அறிவு?

இதற்கு வறுமையே காரணம் என்று சொல்லி முடித்துவிடுதல் எளிது. வறுமை உண்மைதான். எனினும் வறுமையினும் கொடிய காரணம் ஒன்று உளது. “படிப்பு வராதவன் பந்து ஆடட்டும்” என்னும் பேச்சே அது. பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் மேடையிலும் இதனைக் கேட்கிறோம். கணக்கில் தடுமாறும் பிள்ளைக்குக் கணக்கைக் கற்பிக்கும் தொல்லையினின்று தப்ப, அவனைத் திடலுக்கு அனுப்பிவிட்டு, “அவனுக்குக் கடவுள் கொடுத்த வரம் காலில் இருக்கிறது” என்று புகழ்வோர் உளர். அன்பர்களே, இப் புகழுரையை உரித்துப் பாருங்கள். மூளை சிலருக்கு, தோளும் தாளும் பலருக்கு என்று பிறப்பிலேயே பங்கு பிரித்த பழைய வருணக் கணக்குத்தானே உள்ளே இருக்கிறது? நம் பாட்டனைப் பார்த்து, “உனக்கு ஏன் ஏடு? உன் கை மண்வெட்டிக்கு ஏற்றது” என்றனர். நம் தந்தையைப் பார்த்து, “உன் கை பால்வெட்டும் கத்திக்கு ஏற்றது” என்றனர். இன்று நம் மகனைப் பார்த்து, “உன் கால் பந்துக்கு ஏற்றது” என்கின்றனர். மண்வெட்டி போய்க் கத்தி வந்தது. கத்தி போய்ப் பந்து வந்தது. ஏடு மட்டும் இன்னும் வந்தபாடில்லை!

உடல் வல்லவனுக்கு அறிவு கூடாது என்பது கட்டுக்கதை. சான்று வேண்டுவோர்க்கு நம்மவரே சான்று. மா. ஜெகதீசன் 1966ல் பாங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். 1968ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017வரை நின்றது. அவர் மருத்துவம் படித்தவர். “பறக்கும் மருத்துவர்” என்று நாடு அழைத்தது. கால் ஓய்ந்த பின்னும் அவர் கல்வி ஓயவில்லை; மருத்துவ ஆய்வுத் துறையில் பெரும்பணி ஆற்றினார். நம் காலத்தில் ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடி உயர்ந்தவர். 2022ல் கார் விபத்தில் படுகாயமுற்று அவ்வாண்டுக் காமன்வெல்த் போட்டியை இழந்தார். மீண்டெழுந்து 2024ல் லண்டனில் உலகின் முன்னணி வீராங்கனையரை வென்று பட்டம் கொண்டார். அவர் மீண்டது நம் மகிழ்ச்சி. மீளாதிருந்தாலும் அவர் கையில் கல்வி இருந்திருக்கும் என்பதே நம் வாதம். உடல் ஒரு நொடியில் முறியும் பொருள், கல்வி முறியாது. அமெரிக்கக் கூடைப்பந்தில் பெருஞ்செல்வம் குவித்த ஷாகில் ஓ'நீல், 1992ல் பாதியில் விட்ட கல்லூரிக்குத் திரும்பி, 2000ல் பட்டம் பெற்றார். பணம் நிறைந்தவனே கல்வியைத் தேடித் திரும்புகிறான். பணம் காணாதவன் அதனை எறியலாமா?

ஆகவே நாம் கேட்பது இது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையோடு ஒப்பந்தம் செய்யும் எந்த அணியும், அவன் எஸ்.பி.எம். எழுதும்வரையும், அதன்பின் ஒரு தொழிற்கல்வியோ மேற்கல்வியோ முடிக்கும்வரையும், அவன் படிப்புக்குப் பொறுப்பேற்கும் வாசகம் ஒப்பந்தத்திலேயே இருத்தல் வேண்டும். அதற்கான பணத்தை முன்கூட்டியே பொது நிதியில் கட்டவும் வேண்டும். அணி கலைந்தாலும் அப்பணம் கலையாது. இது நடவாத கனவென்று எவரும் நகைக்க வேண்டா. ஐரோப்பாவுக்குள் நாடு விட்டு நாடு செல்லும் பதினாறு வயதுப் பிள்ளையைச் சேர்க்கும் அணி, ஆட்டம் நின்றாலும் அவன் வேறு தொழில் செய்து பிழைக்கத்தக்க கல்வியை உறுதி செய்தாக வேண்டும் என்று ஃபிஃபாவின் விதிகளே கூறுகின்றன. அங்குள்ள பிள்ளைக்கு வேண்டிய காப்பு செராஸ் பிள்ளைக்கு வேண்டாமோ? 1996ல் தொடங்கிய புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, ஏடும் பந்தும் ஒரே வளாகத்தில் வாழக்கூடும் என்பதைக் காட்டி நிற்கிறது. அங்கு இடம் பெறுவோர் சிலர்; இடம் பெறாத பலருக்கும் அந்நெறி வேண்டும் என்கிறோம்.

சமூகத்தாருக்கும் ஒரு சொல். சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் ஆட்டக்காரனுக்கு மாலை வாங்கும் பணத்தில், விழாவுக்கு வெடி வாங்கும் பணத்தில், பயிற்சி முடித்துக் களைத்து வரும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தலாம். முன்னமே பள்ளியை விட்டவர்களைத் தனித் தேர்வராய் எஸ்.பி.எம். எழுத வைக்கலாம், கட்டணத்தைக் கட்டலாம். விட்டவனைப் பழித்தல் நம் நோக்கமன்று. அவன் திரும்பி வரக் கதவு திறந்திருக்க வேண்டும். சாதகம் பார்த்து, “பையனுக்கு வெளிநாட்டு யோகம் உண்டு” என்னும் சோதிடரிடம் கேட்பதை விடுத்து, அணி நீட்டும் தாளில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை மாதம், காயம்பட்டால் யார் பார்ப்பது என்று பெற்றோர் கேட்கட்டும். படித்துப் பார்க்காமல் ஒப்பமிட்ட தாள்களால்தானே நம் முன்னோர் கப்பலேறினர்!

தமிழ்ப் பிள்ளை ஆடட்டும். நாட்டின் கொடி உயர ஆடட்டும். அவனை அழைக்கும் அணியிடம் நல்ல விலையும் கேட்கட்டும். ஆனால், அவ்விலையைத் தானே கணக்கிடவும், அத்தாளைத் தானே படிக்கவும் தெரிந்தவனாய்ப் போகட்டும்.