மானுக்கு வைத்த தொட்டி

நம் இதழில் அமெரிக்கப் பயணக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. நயாகராவைப் பற்றி மட்டும் நான்கு பேர் எழுதிவிட்டார்கள். இது பயணக் கட்டுரை அல்ல, ஒரு தீவனத் தொட்டியைப் பற்றியது. குளிர்காலத்தில் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் அன்பர்கள், நல்ல எண்ணத்தில் நான் செய்த காரியத்தைச் செய்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

2022 டிசம்பரில் நானும் என் மனைவியும் பெண் வீட்டுக்குப் போயிருந்தோம். மிச்சிகன் மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், சுபீரியர் ஏரிப் பக்கம் ஹௌட்டன் என்று ஒரு சிறிய ஊர். ஏரிக்காற்று கொண்டு வந்து கொட்டும் பனி, ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாக 5 மீட்டருக்கு மேல். டில்லிக் குளிருக்கே இரண்டு மப்ளர் சுற்றுகிறவன் நான். அங்கே பெரும்பாலும் ஜன்னல் ஓரம்தான்.

அந்த ஜன்னலுக்கு வெளியே தினமும் மான்கள் வரும். வெள்ளைவால் மான் என்பார்கள். ஒரு பெட்டையும் இரண்டு குட்டிகளும் வயிறு வரை பனியில் புதைந்து நின்று, மேப்பிள் மரத்தின் காய்ந்த குச்சிகளைக் கடித்துக்கொண்டிருக்கும். "வாயில்லாத ஜீவன் குச்சியைத் தின்னுட்டு நிக்குதே. முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில இன்ஜினியர்னு இருந்தீங்க, இதுக்கு ஏதாவது பண்ணக் கூடாதா?" என்றாள் என் மனைவி. அவள் காக்கைக்குச் சோறு வைக்காமல் ஒரு நாளும் சாப்பிட்டவள் இல்லை. எனக்கும் கை துறுதுறுத்தது.

அந்த ஊர்க் கடைகளில் மானுக்குத் தீவனம் போடும் சாமான்கள் விதவிதமாக விற்கிறார்கள். மூன்று கால் வைத்த பீப்பாய் ஒன்று. அதன் அடியில் பாட்டரியில் சுற்றும் தட்டு இருக்கும், டைமர் வைத்த நேரத்துக்குச் சோளத்தைச் சிதற அடிக்கும். திறந்த தொட்டி இருக்கிறது. வைக்கோல் அடைக்கும் கம்பிச் சட்டம் இருக்கிறது. விலையைப் பார்த்ததும் நானே செய்வது என்று தீர்மானித்தேன். ஆறு அங்குல பி.வி.சி. குழாய் ஐந்தடி, அடியில் 45 டிகிரி வளைவு, மேலே மூடி. மரத்தில் நிமிர்த்திக் கட்டினால் தீர்ந்தது. ஜல்லி கொட்டும் ஹாப்பர் வேகனின் தத்துவம்தான். சரிவு போதாவிட்டால் சரக்கு இறங்காது, ஈரம் புகுந்தால் கட்டிக்கொள்ளும். ஈரச் சோளத்தில் பூஞ்சை வேறு பிடிக்கும் என்று மூடிக்கு ரப்பர் வளையமும் போட்டேன். மாப்பிள்ளை 50 பவுண்டு மக்காச்சோள மூட்டை ஒன்று வாங்கி வந்தார். மாநிலத்தின் அந்தப் பகுதியில் சில நிபந்தனைகளோடு வீட்டுப் பக்கம் தீவனம் வைக்க அப்போது அனுமதி இருந்தது. ஆகவே சட்டப்படியும் தப்பில்லை என்று திருப்தி.

வேலை பிரமாதமாக அமைந்தது. ஒரு வாய் தின்றால் ஒரு வாய் தானே இறங்கும். முதல் ராத்திரி மூன்று மான், நான்காம் ராத்திரி பதினொன்று. என் மனைவியும் பேத்தியும் எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டார்கள். ஆறாம் நாள் காலையில் கார் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு குட்டி செத்துக் கிடந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் காட்டிலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எண்பது வயது இருக்கும். பனியில் மண்டியிட்டுக் குட்டியின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். பிறகு என் குழாயைப் பார்த்தார். "வயிறு நிறைந்து செத்திருக்கிறது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் உறைத்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மான் மாட்டைப் போல அசைபோடும் பிராணி. தின்றதைச் செரிக்க வைப்பது அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள். இலை தின்னும் காலத்துக்கு ஒரு கூட்டம், குச்சியும் மொட்டும் தின்னும் குளிர்காலத்துக்கு வேறொரு கூட்டம். ஒன்று மாறி இன்னொன்று அமைய இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். குச்சிக்குப் பழகிய வயிற்றில் திடீரென்று மாவுச்சத்து நிறைந்த சோளம் இறங்கினால் அமிலம் பொங்கி, இரத்தம் வரை பரவி, ஓரிரு நாளில் ஆளை முடித்துவிடும். நான் பரிதாபப்பட்ட அந்தக் காய்ந்த குச்சிதான் அதற்கு அந்த மாதத்துச் சரியான சாப்பாடு. இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டு, அதிகம் நடமாடாமல், ஊசியிலை மரங்களின் அடியில் ஒடுங்கிக் கிடந்து அது குளிர்காலத்தைக் கடத்துகிறது. என் குழாய் அதைத் தினமும் ராத்திரி பனியில் நடக்க வைத்தது.

அந்தக் குட்டி என் சோளத்தால்தான் செத்தது என்று யாரும் அறுத்துப் பார்த்து எழுதித் தரவில்லை. பனியிலும் குட்டிகள் சாகும். ஆனால் விபத்து விசாரணைகளில் உட்கார்ந்தவன் நான். சாட்சியம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது எனக்குத் தெரியாதா?

இன்னொரு கோளாறு என் வடிவமைப்பிலேயே இருந்தது. பதினொரு மானுக்கும் ஒரே வாய். பழைய ஸ்டேஷன்களில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு ஒரு டம்ளர் கட்டியிருப்பார்களே, அந்தக் கதைதான். ஒருவர் எச்சில் எல்லோருக்கும். மிச்சிகனின் வடகிழக்கில் 1994-ல் வேட்டையில் விழுந்த ஒரு மானிடம் மாட்டுக் காசநோய் கண்டார்கள். தேடிப் பார்த்தால் இன்னும் பல. மாட்டுப் பண்ணைகளுக்கும் பரவியது. தீவனக் குவியல்களைச் சுற்றி மான்கள் நெருக்கியடித்ததும் அது பரவ ஒரு முக்கியக் காரணம் என்று கண்டார்கள். அதைவிடக் கொடியது நலிவு நோய். 1967-ல் கொலராடோவில் முதலில் கண்டது. கிருமி கூட இல்லை, முறுக்கு மாறிய ஒரு புரதம். மான் மெலிந்து, தள்ளாடி, எச்சில் ஒழுகிச் சாகும். மருந்து கிடையாது. எச்சிலிலும் சாணத்திலும் வந்து மண்ணில் விழுந்தால் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். 2015-ல் மிச்சிகன் காட்டு மான்களிடம் வந்தது. 2019 ஜனவரி கடைசியிலிருந்து மாநிலத்தின் தென்பாதியில், கீழ்த் தீபகற்பம் முழுவதும், மானுக்குத் தீவனம் வைப்பதற்கே தடை போட்டார்கள்.

"அப்படியானால் சர்க்காரே செய்கிறதே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வயோமிங் மாநிலத்து ஜாக்சனில் 1912 முதல் எல்க் என்னும் பெரிய மான்களுக்கென்று ஒரு சரணாலயம் வைத்துக் குளிர்காலத் தீவனம் போட்டு வந்திருக்கிறார்கள். ஊரும் பண்ணையும் மான்களின் பழைய குளிர்கால மேய்ச்சல் வழியை அடைத்ததால் வந்த வினை அது. நிறுத்தினால் ஆயிரக்கணக்கில் பட்டினி, தொடர்ந்தால் நோய். நம் லைனில் தற்காலிக வேகக் கட்டுப்பாடு என்று ஒரு போர்டு நட்டு, நட்டவர் ரிட்டையர் ஆன பிறகும் அது நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இது நூறு வருஷம் தாண்டிய போர்டு.

ஆகவே என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எந்தத் தொட்டி நல்லது, எந்த அளவு சரி என்ற கேள்வியே வேண்டாம். காட்டு மானுக்கு வீட்டார் வைக்கும் தொட்டியில் நல்ல தொட்டி என்று ஒன்று கிடையாது. நாம் போடுவது அதன் பசிக்கு என்று நினைக்கிறோம். பாதிக்கு மேல் ஜன்னலுக்கு அருகில் அதை வரவழைக்கும் நம் ஆசைக்குத்தான். பசித்தவருக்குப் போடுவது புண்ணியம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை ஒப்புக்கொள்வது கஷ்டம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? செவ்வாய், சனிக்கிழமைகளில் ரிட்ஜ் ஓரம் காரை நிறுத்திக் குரங்குக்கு வாழைப்பழம் வீசுகிறோம். யமுனைப் படித்துறையில், சைபீரியா பக்கமிருந்து வரும் கடற்காக்கைகளுக்கு எண்ணெயில் பொரித்த சேவைப் பாக்கெட் பாக்கெட்டாக இறைக்கிறோம். குழந்தைகள் சிறியவர்களாக இருந்தபோது ஹௌஸ் காஸ் மான் பூங்காவில் வேலிக் கம்பி வழியாக பிஸ்கட் நீட்டச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

என் மனைவி இன்னும் முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. "அப்போ காக்காய்க்குச் சோறு வைக்கிறதும் பாவமா?" என்று கேட்கிறாள். காக்கை நம்மோடு தெருவில் குடியிருப்பது, ஒரு பிடி சோறு அதன் வழக்கத்தை மாற்றிவிடாது என்று பதில் சொன்னேன். அந்தப் பதில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று எனக்கே சந்தேகம்தான். அந்த வழக்கை வீட்டில் ஒத்திவைத்திருக்கிறோம்.

குழாயை அன்றைக்கே அவிழ்த்தேன். சிந்திய சோளத்தைப் பனியோடு வாரி மூட்டை கட்டினோம். பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, மான் எங்கே என்று கேட்டாள். உண்மையைச் சொன்னோம். இரண்டு நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பனி உருகியதும் அந்தக் கிழவர் சொன்னபடி, மான்கள் குளிரில் விரும்பித் தின்னும் வெள்ளை சீடர் மரக் கன்றுகள் ஆறு வாங்கிக் கொல்லையில் நட்டார் மாப்பிள்ளை. ஒவ்வொன்றையும் சுற்றி ஆளுயரக் கம்பி வலை. மானுக்காக நட்டதை மானிடமிருந்தே பல வருஷம் காப்பாற்ற வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் ஒரே குளிர்காலத்தில் மொட்டையடித்துவிடும். மெதுவாக வளரும் ஜாதி. போன வாரம் பேத்தி போட்டோ அனுப்பியிருந்தாள். இரண்டு பட்டுப்போய்விட்டன. மீதி நான்கும் அவள் இடுப்பளவு வந்திருக்கின்றன.