மீந்துபோன தூள் மருந்தை இந்தப் பட்டத்துக்கு அடிக்கலாமா?

கேள்வி: போன மார்கழிப் பட்டத்தில் மணிலாவுக்கு டிக்கா இலைப்புள்ளி நோய் வந்தபோது வாங்கிய மேன்கோசெப் 75 சத நனையும் தூளில் அரை கிலோ மீந்துவிட்டது. பிரித்த பாக்கெட் மோட்டார் கொட்டகையில் இருக்கிறது. கொஞ்சம் கட்டி பிடித்திருக்கிறது. காலாவதி தேதிக்கு இன்னும் 5 மாதம் உள்ளது. இந்த ஆண்டு பயன்படுத்தலாமா?
- வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் தேதி, பிரிக்காத பாக்கெட்டை நிழலில், ஈரம் படாமல் வைத்திருந்தால் மட்டும் செல்லும். பிரித்து, தகரக் கூரைக்கு அடியில் ஒரு கத்திரி வெயிலையும் ஒரு மழைக்காலத்தையும் பார்த்த மருந்துக்கு அந்தத் தேதியை நம்ப முடியாது.

அந்தத் தேதி எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்தால் இது விளங்கும். தூள் மருந்து தாங்குமா என்று பார்க்க, ஆய்வகத்தில் அதை 54 டிகிரி செல்சியஸ் சூட்டில் 14 நாள் வைப்பார்கள். கிடங்கில் அடுக்கிய மூட்டைகளில் அடி மூட்டை படும் பாட்டைக் காட்ட, தூளின் மேல் எடை வைத்து அழுத்துவதும் உண்டு. பிறகு மருந்துச் சத்து எவ்வளவு மிச்சம் என்று அளப்பார்கள். பெரும்பாலான மருந்துகளுக்கு, முன்பு இருந்ததில் 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சத்து இருந்தால் மட்டும் போதாது. தூள் தண்ணீரில் நனைகிறதா, மிதந்து நிற்கிறதா என்றும் பார்ப்பார்கள். இத்தனையும் பிரிக்காத, காய்ந்த தூளுக்கான சோதனை.

மேன்கோசெப்புக்கு ஈரமும் சூடும் சேர்ந்தால் ஆகாது. மூலக்கூறு உடைந்து கந்தக வாயுக்கள் வெளியேறும். எத்திலீன் தயோயூரியா என்ற தீங்கான பொருளும் அதில் உண்டாகும். பாக்கெட்டைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை அடித்தால் வேறு சோதனையே வேண்டாம், ஒதுக்கிவிடலாம். வாடை வருகிறதா என்று மூக்கருகே கொண்டுபோய் முகரக் கூடாது.

வாடை இல்லையென்றால் வீட்டிலேயே ஒரு பாட்டில் சோதனை செய்து பார்க்கலாம். நனையும் தூள் உப்பு மாதிரி தண்ணீரில் கரைவதில்லை. நுண்ணிய துகளாக மிதந்து நிற்கிறது. அந்த மிதக்கும் தன்மை கட்டி பிடித்தால் போய்விடும்.

கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாயகன்ற ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் எடுக்க வேண்டும். தெளிக்கும்போது எந்தக் கிணற்றுத் தண்ணீரோ அதே தண்ணீர். லேபிளில் சொன்ன அளவு தூளை மேலே தூவி, கலக்காமல் விட வேண்டும். நல்ல தூள் ஒரு நிமிடத்துக்குள் நனைந்து உள்ளே இறங்கிவிடும். மேலேயே மாவு போல மிதந்தால் நனைக்கும் பொருள் கெட்டுவிட்டது. பிறகு மூடியை இறுக்கி, பாட்டிலை நிதானமாக 30 முறை தலைகீழாகத் திருப்பி, அரை மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். ஆய்வகத்தில் இதையே 250 மில்லி அளவுக் குழாயில் செய்கிறார்கள். மேலிருந்து 225 மில்லியை உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் நிற்கும் 25 மில்லியில் எவ்வளவு மருந்து தங்கியது என்று பார்ப்பார்கள். வீட்டில் அந்தக் கணக்கு முடியாது. மேல் தண்ணீர் தெளிந்து அடியில் கனமாக வண்டல் படிந்தால் மருந்து மிதக்கவில்லை என்று அர்த்தம். கடைசியில் மெல்லிய துணியில் வடித்தால் மணல் போன்ற துகள் தங்குகிறதா என்பதும் தெரியும். நாசிலை அடைப்பது அதுதான்.

வண்டல் படியும் மருந்தை டேங்கில் ஊற்றினால் முதல் சால்களில் அளவு மிஞ்சி இலை கருகும், கடைசிச் சால்களில் வெறும் தண்ணீர்தான் விழும். கலக்கி இல்லாத பேட்டரி தெளிப்பானில் இது இன்னும் மோசம்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் உப்பாக இருந்தாலும் நல்ல மருந்தே படியும். ஆய்வகச் சோதனைக்கு 342 பிபிஎம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் வைத்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பலவும் அதைத் தாண்டும். அதனால் மழைத் தண்ணீரிலோ குடிநீரிலோ இன்னொரு பாட்டில் வைத்துப் பார்ப்பது நல்லது. அதில் சரியாக நின்றால் பழுது தண்ணீரில், தூளில் இல்லை.

இந்தச் சோதனையில் தோற்ற மருந்தைத் தயங்காமல் ஒதுக்கலாம். ஆனால் தேறிவிட்டால் மருந்து நல்லது என்று முடிவுகட்ட முடியாது. சத்து உடைந்துபோன தூளும் அழகாக மிதக்கும். சத்தை ஆய்வகம்தான் சொல்லும். பூச்சிக்கொல்லி ஆய்வகத்துக்கு மாதிரி எடுப்பவர் பூச்சிமருந்து ஆய்வாளர். அவர் எடுப்பது கடையில் பிரிக்காமல் இருக்கும் பாக்கெட்டில். பிரித்த அரை கிலோவைக் கொடுத்து முடிவு வாங்கி விற்றவரைக் கேட்க வழியில்லை. புதிதாக வாங்கியதே கட்டியாக இருந்தால், ரசீதும் பிரிக்காத பாக்கெட்டுமாக உடனே வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போக வேண்டும்.

ஆக, வாசகரின் தூள் ஏற்கெனவே கட்டி பிடித்துவிட்டது, ஒரு கோடையும் மழையும் பார்த்துவிட்டது. அதை நம்பி டிக்காவுக்கு அடித்தால், பலிக்கவில்லை என்று தெரிவதற்குள் பத்து நாள் போய்விடும். இலை கொட்டினால் காய் திரளாது. அரை கிலோ மருந்தின் விலையும் ஒரு ஏக்கர் மணிலாவும் சமமல்ல. புதிதாக வாங்குவதே சரி, அதுவும் தேவைக்குத் தக்க சிறிய பாக்கெட்டாக. பழையதைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது, எரிக்கவும் கூடாது. தனியாகப் பூட்டி வைத்து விரிவாக்க மையத்தில் கேட்டுச் செய்யவும்.

மீதி வைக்க வேண்டி வந்தால், பாக்கெட்டின் வாயை மடித்து ரப்பர் பேண்டு போட்டு, அப்படியே மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, தரையில் படாமல் பலகை மேல் வைக்கலாம். யூரியா மூட்டை பக்கத்தில் வேண்டாம்.

அதே கடிதத்தில் ட்ரைக்கோடெர்மா விரிடி தூளையும் இப்படிச் சோதிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். முடியாது. அது உயிருள்ள பூஞ்சாணம். ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிர் வித்துகள் இருக்க வேண்டும். அதைத் தட்டில் வளர்த்து எண்ணித்தான் பார்க்க முடியும். செத்த தூளும் உயிருள்ள தூளும் பாட்டிலில் ஒன்றுபோலவே இருக்கும். அதற்குத் தேதியையும் நிழலையும் விட்டால் வேறு அடையாளம் இல்லை. கொட்டகையில் கோடையைக் கழித்ததை விதை நேர்த்திக்கு எடுக்க வேண்டாம்.