கடற்கரைப் படத்திற்குத் தெளிவு எவ்வளவு வேண்டும்?



கடந்த நோன்புப் பெருநாளன்று அஸர் தொழுகைக்குப் பின் குடும்பத்தோடு காயல்பட்டினம் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். நம் வீட்டின் இளைய மகள் முதன்முறையாக அலையில் கால் நனைத்ததை டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்தோம். வீடு திரும்பிக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது திடுக்கிட்டோம். குழந்தைக்குப் பின்னால், வெகு தொலைவில், முகத்திரையை விலக்கித் தண்ணீர் அருந்திய ஒரு சகோதரியின் முகம் தெளிவாகப் பதிந்திருந்தது. அவர் நம்மைக் கவனிக்கவில்லை. நாமும் அவரைக் கவனிக்கவில்லை. கேமரா மட்டும் பார்த்துவிட்டது. படத்தை அழித்துவிட்டோம். மகளின் அந்த முதல் அலையும் அதனோடு போயிற்று.

புகைப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை இங்கு நாம் பேச வரவில்லை. படம் எடுக்கும் குடும்பங்கள் கடற்கரைக்கு எத்தகைய லென்ஸைக் கொண்டு செல்வது என்பதே நம் பேச்சு. பொம்மை லென்ஸ் எனப்படும் மலிவான பிளாஸ்டிக் லென்ஸே அங்கு ஏற்றது என்பது நம் கருத்து.

1982ஆம் ஆண்டு ஹாங்காங்கில் ஹோல்கா என்னும் பிளாஸ்டிக் கேமரா உருவானது. சீனத்தின் எளிய குடும்பங்களும் மலிவாகப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். தூரத்தைக் குறிக்க அதன் லென்ஸ் வளையத்தில் ஒருவர், சிறு குடும்பம், கூட்டம், மலை என நான்கு சித்திரங்கள் இருக்கும். அதன் 60 மில்லிமீட்டர் லென்ஸ், டிஜிட்டல் கேமராக்களில் பொருந்தும்படி பிற்காலத்தில் தனியாகவும் விற்பனைக்கு வந்தது.

நல்ல கண்ணாடி லென்ஸ்களில் உள்ள பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு இதில் இல்லை. ஆகவே நீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் லென்ஸினுள் சிதறி, படமெங்கும் மெல்லிய புகைபோல் படரும். நுண்விவரங்கள் கரைந்துபோகும். அருகில் நிற்கும் குழந்தை யாரென்று தெரியும். தொலைவில் இருப்போர் வெறும் நிழலுருவாகிவிடுவர். லென்ஸ் வல்லுநர்கள் குறையென்று நீக்கிய ஒன்று, கடற்கரையில் பிறருக்குத் திரையாக அமைகிறது.

“தெளிவாக எடுத்துவிட்டுப் பின்னர் செயலியில் மங்கலாக்கிக் கொள்ளலாமே?” என்று கேட்போர் உண்டு. செய்யலாம். ஆயினும் மூலப்படம் நினைவக அட்டையில் இருந்துகொண்டே இருக்கும்; மறதியில் ஒருநாள் அது உறவினர் கைப்பேசிகளுக்கெல்லாம் சென்றுவிடும். லென்ஸே பதியாத முகத்தை எவராலும் பரப்ப இயலாது. பார்வையைத் தாழ்த்துமாறு பணிக்கப்பட்டவர்கள் நாம். நாம் ஏந்திச் செல்லும் கேமராவின் பார்வையும் நம் பொறுப்பில் உள்ளதன்றோ?

பிள்ளைகளின் முகம் தெளிவாக வேண்டுமெனில் வீட்டு முற்றத்தில் எடுக்கலாம். அங்கே பிறர் இல்லை. அதேவேளை, எந்த லென்ஸும் அனுமதிக்கு ஈடாகாது. அருகில் நிற்பவரின் முகம் இதிலும் அடையாளம் தெரியும். அவரிடம் கேட்டே ஆகவேண்டும்.

பயன்படுத்த விரும்புவோருக்குச் சில செய்திகள். இந்த லென்ஸ் கேமராவோடு பேசாது. ஆகவே கைமுறை நிலையில் வைத்து ஷட்டர் வேகத்தை நாமே அமைக்க வேண்டும். இது உள்ளே விடும் ஒளி குறைவு. மஃரிபை நெருங்கினால் வெளிச்சம் போதாது. நம் கடற்கரையில் கடல் கிழக்கே இருப்பதால், ஒளி சிதறும் அழகைக் காணக் காலை வேளையே சிறந்தது. லென்ஸை வீட்டிலேயே மாட்டிச் செல்லுங்கள். மணலில் நின்று கழற்றினால் தூசியும் உப்புக்காற்றும் கேமராவின் உட்பகுதியைக் கெடுக்கும். லென்ஸின் விலை சொற்பம்; கேமராவின் விலை அவ்வாறன்று.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் காலை இந்த லென்ஸோடு மீண்டும் சென்றோம். படத்தில் மகளின் சிரிப்பு சற்றே மங்கல். அவளுக்குப் பின்னால் வெள்ளி நிற நீரும் கரையோரம் சில கறுப்புப் புள்ளிகளும் தெரிகின்றன. அப்புள்ளிகள் யாரென்று எவருக்கும் தெரியாது. இந்தப் படத்தை அழிக்க வேண்டிய தேவை நமக்கு நேரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.