மாதா திருவிழாத் திருப்பலி: வெளியூர்ப் பக்தர் எதில் பங்கேற்கலாம்?

தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர் பகுதியிலிருந்து செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்குக் கிளம்புவோர் முன்னால் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. வேளாங்கண்ணி 400 கி.மீ.க்கும் மேல். பெங்களூரு சிவாஜிநகரின் புனித மரியன்னை பேராலயம், ஓசூர் வழியாகப் போனால் சுமார் 65 கி.மீ. இரண்டு இடத்திலும் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், மரியாளின் பிறந்தநாளான செப்டம்பர் 8 பெருவிழா. கூட்டத்தில் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் கணிசம். அவர்களோடு சில சந்தேகங்களும் சேர்ந்தே வருகின்றன.

வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகிட்டு சிவாஜிநகர் போகலாமா?

திருப்பலி எந்த ஊரில் நடந்தாலும் ஒன்றுதான். நேர்ச்சை விஷயம் வேறு. தனிப்பட்ட முறையில் நேர்ந்துகொண்டதை, அதற்கு ஈடான அல்லது அதைவிட மேலான நற்செயலாக நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் (பிரிவு 1197). நேர்ச்சையை நிறைவேற்றவே முடியாத நிலை என்றால் பங்குத்தந்தையிடம் கேட்கலாம். தக்க காரணம் இருந்தால் விலக்கு தர அவருக்கு அதிகாரம் உண்டு.

ஷிப்ட் இருக்கு, லீவு கிடைக்கலைன்னா?

குற்றமில்லை. செப்டம்பர் 8 'கடன் திருநாள்' அல்ல. இந்தியாவில் ஞாயிறு தவிர்த்து, ஆகஸ்ட் 15, டிசம்பர் 25 ஆகிய நாட்களில்தான் திருப்பலிக்குப் போவது கடமை. கொடியேற்றம் முதல் பெருவிழா வரையிலான 11 நாட்களில் ஒரு ஞாயிறாவது வந்தே தீரும். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு அதுவே வசதி.

நற்கருணை யாருக்கு?

திருப்பலியில் உட்காரலாம், ஜெபிக்கலாம், மெழுகுவத்தி ஏற்றலாம், தேர்பவனியில் நடக்கலாம். இதெல்லாம் எல்லோருக்கும் பொது. நற்கருணை மட்டும் கத்தோலிக்கருக்கு. சட்டம் அனுமதிக்கும் விதிவிலக்குகள் மிகச் சில. கத்தோலிக்கரும் அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர், மருந்துக்குத் தடையில்லை. மனதில் கனமான பாவம் இருந்தால் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். மற்றவர்கள் வரிசையில் சேராமல் இடத்திலேயே இருப்பது அவமரியாதை ஆகாது. கத்தோலிக்கர் பலரும்கூட அப்படி இருப்பதுண்டு.

பிற மதத்தினர் வருவது மதக் கலப்பா?

இல்லை என்று வாடிகனே சொல்லிவிட்டது. 2024 ஆகஸ்டில் நம்பிக்கைக் கோட்பாட்டுத் துறையின் தலைவர் கர்தினால் விக்டர் மானுவேல் பெர்னாண்டஸ், வேளாங்கண்ணி குறித்துத் தஞ்சாவூர் ஆயருக்குக் கடிதம் எழுதினார். ஆறுதல் தேடி அங்கே வரும் கிறிஸ்தவர் அல்லாதவர்களை மதக் கலப்பாகப் பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம்.

ஆக, கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நற்கருணை வரிசைக்கு மட்டும் வரையறை உண்டு. இது தெரியாமல் வரிசையில் நின்று, கடைசி நேரத்தில் திருப்பி அனுப்பப்படுபவருக்குத்தான் மனம் நோகும். அதைத் தவிர்க்கும் பொறுப்பு பக்தரைவிட ஆலயத்துக்கே அதிகம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசும் எல்லைப் பகுதி மக்கள் கூடும் இடத்தில், நற்கருணைக்கு முன் அவரவர் மொழியில் கனிவான ஓர் அறிவிப்பு செய்தாலே போதும்.