அஸ்திவாரம் தோண்டும் முன் தெருவைக் கேளுங்கள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தின் நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் நடந்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கம். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பட்டுப் பாவை இழுத்துக் கட்டியிருப்பார்கள். இரு பக்கமும் நின்று அறுந்த இழைகளை முடிவார்கள், கஞ்சி தடவுவார்கள், இளவெயிலில் காயவிட்டு, வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துவிடுவார்கள். அந்நேரம் அவ்வழியே வருகிறவர் வண்டியை விட்டு இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். அந்த ஒரு மணி நேரத்துக்குத் தெருவே நெசவாளரின் பட்டறை.

இப்படியொரு தெருவில் ஐந்தாறு வீடுகளை ஒருவரே சேர்த்து வாங்கி, இடித்துவிட்டுப் பல மாடிக் குடியிருப்பு கட்ட மனுப் போட்டால் என்ன நடக்கும்? சாலையின் அகலத்தைப் பார்ப்பார்கள். பக்க இடைவெளியை அளப்பார்கள். தீயணைப்பு வண்டி நுழைய வழி இருக்கிறதா என்று கேட்பார்கள். எல்லாம் கேட்கவேண்டியவைதான். ஆனால் பாவு காயும் வெயில் மறையுமா என்று கேட்க எந்தப் படிவத்திலும் இடமில்லை. அதைச் சொல்லக்கூடிய பக்கத்து வீட்டுக்காரரை யாரும் கூப்பிடுவதும் இல்லை.

வீடுகள் தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஏனாத்தூர் பக்கம் போய்ப் பார்த்தாலே தெரியும். 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயாவும், கலைக் கல்லூரியும், மருத்துவக் கல்லூரியும் அந்தப் பகுதியின் முகத்தையே மாற்றிவிட்டன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள் வாடகை வீடு தேடி இந்தப் பக்கம் வருகிறார்கள். பரந்தூரில் விமான நிலையம் என்று 2022இல் அறிவித்தது முதல் சுற்றுவட்டாரம் முழுக்க நிலத்தைப் பற்றியே பேச்சு. காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சியானது. அடுத்த ஆண்டே சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்து, இம்மாவட்டத்தின் பல பகுதிகளைத் தனக்குள் இழுத்துக்கொண்டது. ஏரிகள் மாவட்டம் என்று பெயர் பெற்ற மண்ணில் வயலையும் ஏரிக்கரையையும் மனைகளாக்கிப் பரப்புவதைவிட, இருக்கிற ஊருக்குள் உயரமாகக் கட்டுவது மேல் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதை நாமும் ஏற்கிறோம்.

நமது நிலைப்பாடு இது: பழைய குடியிருப்பில் உயர்மாடிக் கட்டடம் வருவது குறித்த தகராறு, திட்ட அனுமதிக்கு முன்பே, அந்தத் தெரு மக்களை உட்காரவைத்துப் பேசித் தீர்க்கப்பட வேண்டும். அந்தப் பேச்சு நடந்ததற்கான பதிவு இல்லாமல் கோப்பு மேலே நகரக் கூடாது.

இன்றைய சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019, 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம் என்று வகுத்து, அதற்கான சாலை அகலத்தையும் இடைவெளியையும் சொல்கின்றன. அண்டை வீட்டாரைக் கேட்கச் சொல்லவில்லை. நிலப் பயன்பாட்டை மாற்றும்போது நாளிதழில் ஓர் அறிவிப்பு வரும். தறியில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பொடி எழுத்தை எந்த நேரத்தில் படிப்பார்? தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம், 2022, நல்ல சட்டம். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இச்சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய குடியிருப்பை இடித்துக் கட்டலாம். ஒரே ஒருவர் முட்டுக்கட்டை போட்டு, விரிசல் விட்ட கட்டடத்தில் அத்தனை பேரையும் அடைத்துவைத்த நிலைமை இதனால் தீரும். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் அப்படியே: வரைபடத்தை மாற்ற வேண்டுமென்றால் வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும். ஆக, கட்டடத்துக்கு உள்ளே இருப்பவருக்குக் குரல் கிடைத்துவிட்டது, வாங்குகிறவருக்கும் கிடைத்துவிட்டது. மதிலுக்கு வெளியே இருப்பவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவருக்கு மிஞ்சியிருப்பது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. வக்கீல் கட்டணத்துக்கு எத்தனை சேலை நெய்ய வேண்டும் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

நீதிமன்றம் காப்பாற்றாதா என்றால், காப்பாற்றும். ஆனால் எப்போது, என்ன விலைக்கு என்பதற்கு நொய்டாவைவிடத் தெளிவான சாட்சி இல்லை. அங்கே எமரால்டு கோர்ட் குடியிருப்பில் தோட்டத்துக்கென்று காட்டிய இடத்தில் சூப்பர்டெக் நிறுவனம் இரட்டைக் கோபுரங்களை எழுப்பியது. இருந்த கட்டடத்துக்கும் புதிய கோபுரத்துக்கும் 16 மீட்டர் இடைவெளி இருந்திருக்க வேண்டும். இருந்தது 9 மீட்டர். குடியிருப்போர் சங்கம் 2012இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் போனது. 2014இல் இடிக்க உத்தரவு வந்தது. மேல்முறையீட்டில் 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நொய்டா அதிகாரிகள் நிறுவனத்தோடு கைகோத்திருந்ததையும் வெளிப்படையாகக் கண்டித்தது. 2022 ஆகஸ்ட் 28 அன்று ஏறத்தாழ 100 மீட்டர் உயரக் கோபுரங்கள் 3,700 கிலோ வெடிமருந்தில் சில நொடிகளில் தூளாகின. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. நியாயம் வென்றது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. பத்து ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய அந்தச் சங்கத்தாரை நினைத்தால் நம்மால் முழுதாக மகிழ முடியவில்லை. வரைபடத்தை மாற்றிய நாளிலேயே அவர்களைக் கூப்பிட்டு ஒரு மேசையில் உட்காரவைத்திருந்தால், அந்த 9 மீட்டர் அன்றே தெரிந்திருக்கும்.

நமது மாவட்டத்துக்கும் ஒரு கசப்பான பாடம் உண்டு. போரூர் ஏரியை ஒட்டிய மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 மாலை, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். பிழைப்புக்கு வந்த கட்டடத் தொழிலாளர்களே அதிகம். பக்கத்திலேயே நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காலம் முழுக்கச் சுற்றியிருந்த குடும்பங்கள் எந்த நேரத்தில் எது விழுமோ என்ற அச்சத்தில் இருந்தன. உயர்மாடிக் கட்டடத்தின் ஆபத்து அதன் மதிலோடு நிற்பதில்லை. அதன் பேச்சு மட்டும் ஏன் மதிலோடு நிற்க வேண்டும்?

இனி நெசவாளர் விஷயம். இதில் காஞ்சிபுரம் வேறெந்த ஊரோடும் ஒப்பிட முடியாத ஊர். குழித்தறி தரையில் தோண்டியது. நெசவாளர் குழிக்குள் காலை இறக்கி மிதிகட்டையை மிதிப்பார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. கோர்வை போட்டு நெய்யும்போது கரைக்கென்று தனி நாடா ஓட்டப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். பல வீடுகளில் அது மனைவியோ மகனோதான். இந்தத் தறியை ஆறாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அங்கே குழி எங்கே தோண்டுவது? புதிய குடியிருப்பில் உங்களுக்கும் ஒரு வீடு தருகிறோம் என்று கட்டுமான நிறுவனம் சொல்வது, நெசவாளரின் காதில் தொழிலை விட்டுவிடு என்றே விழும். வேகவதி ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காகக் கீழ்கதிர்பூரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளை அரசு கட்டியது. கூரை கிடைப்பது ஒன்று, பிழைப்பு கூடவே வருவது இன்னொன்று.

அதிலும் சொந்த வீட்டில் தறி போட்டிருப்பவருக்காவது பேச ஒரு பத்திரம் இருக்கிறது. வாடகை வீட்டில் கூலிக்கு நெய்கிறவருக்கு அதுவும் இல்லை. இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யச் சொல்ல வாடகைச் சட்டம் வீட்டுக்காரருக்கு வழி விடுகிறது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட மறுமாதம் தறியைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். மும்பையின் பழைய வாடகைக் கட்டடங்களை இடித்துக் கட்டும்போது, அங்கே நெடுங்காலம் குடியிருந்த வாடகைதாரருக்குப் புதிய கட்டடத்தில் வீடு தரவேண்டும் என்று விதி உண்டு. அதன் நடைமுறையில் ஆயிரம் ஓட்டைகள் இருக்கலாம். குடியிருப்பவரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. நம்மிடம் அந்த நினைப்பே இல்லை.

பிள்ளையார்பாளையத்தை அடுத்து நிற்கும் கைலாசநாதர் கோயில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும். வேண்டிய சட்டம்தான், குறை சொல்லவில்லை. பல்லவர் எழுப்பிய கல்லுக்கு இருக்கிற காப்பில் நூற்றில் ஒரு பங்காவது, உயிரோடு நடந்துகொண்டிருக்கும் தறிக்கு வேண்டாமா? காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்துவிட்டு, அதை நெய்கிற தெருவைக் கைவிடுவது என்ன நியாயம்?

நூறு ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிவந்து அறிக்கை எழுதிய பேட்ரிக் கெடிஸ், காஞ்சிபுரத்தின் ஊரமைப்பைக் கண்டு மனமார வியந்தவர். பழைய ஊரை மொத்தமாக இடித்து நேர்க்கோட்டுச் சாலை போடுவதை அவர் எதிர்த்தார். இடிந்ததை அகற்றி, நல்லதைத் தொடாமல், தெருத் தெருவாக நடந்து, குடியிருப்பவர்களைப் பார்த்துச் செய்கிற சிறு சிகிச்சையே ஊருக்கு நல்லது என்றார். அவருடைய முறைக்கு நிபுணர் குழு வேண்டியதில்லை. அதிகாரி அலுவலகத்தை விட்டு இறங்கித் தெருவில் நடந்தால் போதும்.

பேசித் தீர்க்க அமைப்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. நகர்ப்புறங்களுக்கு 2022இல் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் வந்துவிட்டன. 18.30 மீட்டரைத் தாண்டும் எந்த மனுவும் முதலில் அந்தச் சபைக்கு வர வேண்டும். கட்டட வரைபடத்தை, நிழல் எந்த மாதத்தில் எந்த வீட்டின் மேல் விழும், வண்டிகள் எந்தத் தெரு வழியே வெளியேறும், பாலாற்றுத் தண்ணீரில் எவ்வளவு கேட்கிறார்கள், கழிவுநீர் எங்கே போகும் என்ற விவரங்களோடு தமிழில் எழுதி அந்தத் தெருமுனையில் தட்டி வைக்க வேண்டும். அந்தத் தெருவில் எத்தனை தறிகள் ஓடுகின்றன, வாடகைக்கு எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்ற கணக்கும் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும்.

சபையில் தீராவிட்டால் சமரசம். 2023ஆம் ஆண்டு சமரசச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு வாசல் இருக்கிறது. ஒரு பகுதியில் குடியிருப்போரின் அமைதியைக் குலைக்கக்கூடிய தகராறை மூன்று பேர் கொண்ட சமூக சமரசக் குழுவிடம் விடலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவோ மாவட்ட ஆட்சியரோ அதை அமைக்கலாம். குடியிருப்போர் சங்கத்தாரும் அதில் இடம்பெறலாம். ஆனால் இரு தரப்பும் சம்மதித்தால்தான் அது தொடங்கும். அங்கே எட்டப்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பைப் போல் கட்டுப்படுத்தாது. எனவே மாநில அரசு ஒன்று செய்ய வேண்டும்: எட்டிய உடன்பாட்டைத் திட்ட அனுமதியின் நிபந்தனையாகவே எழுதிச் சேர்த்துவிட வேண்டும். மீறினால் அனுமதி ரத்து. 2005லேயே உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் திறந்து நாட்டுக்கு வழிகாட்டிய தமிழ்நாட்டுக்கு இது பெரிய காரியமில்லை.

சிங்கப்பூரில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பை மொத்தமாக விற்க, 10 ஆண்டுக்கு மேற்பட்டதென்றால் 80 விழுக்காடு பங்குடையவர்களும், அதற்குக் குறைவென்றால் 90 விழுக்காடு பங்குடையவர்களும் சம்மதிக்க வேண்டும். மறுக்கிற சிறுபான்மையினரின் புகாரை அதற்கென உள்ள வாரியம் முதலில் சமரசத்துக்கு எடுக்கும்; முடியாதபோதே உயர் நீதிமன்றம். அதனால் அங்கே கட்டடங்கள் எழாமல் போய்விடவில்லை.

தாமதமாகும், செலவு ஏறும் என்று கட்டுமானத் துறையினர் சொல்வார்கள். அவர்களுடைய கவலையை ஒதுக்கிவிட முடியாது. வங்கிக் கடனுக்கு வட்டி நாள் கணக்கில் ஏறுகிறது. அதனால்தான் கேட்பதற்கும் சமரசத்துக்கும் சேர்த்து 90 நாள் என்று கெடு வைக்கச் சொல்கிறோம். நடுவழியில் நீதிமன்றத் தடை வாங்கி நிற்பதைவிட, தொடக்கத்தில் மூன்று மாதம் பொறுப்பது அவர்களுக்கும் லாபம்.

எதிர்க்கிற மக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தெருவைக் கேட்பது தெருவுக்குத் தடை அதிகாரம் கொடுப்பதாகாது. வெளியூர்க்காரர் வரக் கூடாது, இன்ன சாதியார் குடிவரக் கூடாது, தொழிற்சாலைப் பையன்கள் வேண்டாம் என்கிற பேச்சு அந்தச் சபையில் ஒரு வரிகூடப் பதிவாகக் கூடாது. தண்ணீர், வெயில், வழி, தறி, பாதுகாப்பு இவற்றைப் பேசலாம். யார் வாழலாம் என்று பேச எந்தத் தெருவுக்கும் உரிமை இல்லை.

சுயசான்று முறையில் சிறு வீடுகளுக்கு உடனடி அனுமதி வழங்கும் திட்டத்தை அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. சிறு வீட்டுக்கு அந்த வேகம் பொருத்தம். பதினைந்து மாடிக்கு அதே அவசரம் ஆகாது. நகர் ஊரமைப்பு இயக்ககமும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் காஞ்சிபுரம் மாநகராட்சியும் இந்த விதியைக் கொண்டுவர இன்னொரு மௌலிவாக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வாசகர்களும் அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஏனாத்தூரோ, பிள்ளையார்பாளையமோ, உங்கள் பகுதியில் அடுத்து கூடும் கிராம சபைக்கோ பகுதி சபைக்கோ போங்கள். உங்கள் தெருவில் வரவிருக்கும் உயரக் கட்டடத்தின் வரைபடத்தைக் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.