முகமூடிக்கு யார் சொந்தம்?

முகமூடி போட்டுக்கொண்டு தெருவில் வரக் கூடாது என்று ஒரு திருடனுக்குக் கோர்ட்டில் உத்தரவு போட்டால் நமக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. திருடனைப் பிடிப்பதற்காகவே முகமூடி போட்டுக்கொண்ட ஒரு நல்ல மனிதருக்கு, அதுவும் 64 வயதில், அப்படி ஓர் உத்தரவு வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது. 1979-ம் வருஷம், அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கோர்ட்டில்.

அவர் பெயர் கிளேட்டன் மூர். அந்தப் பெயரைச் சொன்னால் அமெரிக்காவிலேயே பாதிப் பேர் விழிப்பார்கள். "டெலிவிஷனில் லோன் ரேஞ்சராக வந்தாரே, அவர்" என்று சொல்லிப் பாருங்கள். வீட்டிலுள்ள தாத்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்!

லோன் ரேஞ்சர் என்பது 1933-ல் டெட்ராயிட் நகரத்து ரேடியோ நிலையம் ஒன்றில் பிறந்த கதை. டெக்ஸாஸ் பிரதேசத்தில் ஆறு காவல் வீரர்கள் ஒரு கொள்ளைக் கூட்டத்தைத் தேடிப் போகிறார்கள். மலை இடுக்கில் பதுங்கியிருந்து சுட்டுவிடுகிறது அந்தக் கூட்டம். ஐந்து பேர் மாண்டு போகிறார்கள். ஒருவனுக்கு மட்டும் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் ஆதிக் குடியைச் சேர்ந்த டோன்டோ என்பவன் அவனைக் கண்டெடுத்துப் பச்சிலை வைத்துக் காப்பாற்றுகிறான். ஆறு பேரும் தொலைந்தார்கள் என்று பகைவர்கள் நம்பட்டும் என்று ஆறு சமாதிகள் எழுப்பப்படுகின்றன. ஆறாவது சமாதி வெறும் மண். மாண்டவர்களில் ஒருவன் பிழைத்தவனுடைய சொந்த அண்ணன். அந்த அண்ணனின் கறுப்பு மேல்சட்டையைக் கிழித்துத்தான் தம்பி முகமூடி செய்துகொள்கிறான்.

பிறகென்ன? வெள்ளைக் குதிரை, வெள்ளிக் குண்டு, பக்கத்தில் டோன்டோ. யாரையும் கொல்லுவதில்லை, எதிரியின் கையிலிருக்கும் துப்பாக்கியைத்தான் குறிபார்த்துச் சுடுவான். நன்றி சொல்ல ஜனங்கள் திரும்புவதற்குள் குதிரைக் குளம்படி தூரத்தில் கேட்கும். "யார் அந்த முகமூடி மனுஷர்?" என்று யாராவது ஒருவர் கேட்பார். கதை முடிந்தது. கல்யாணம், காதல் என்ற பேச்சே கிடையாது. பெண்ணைப் பெற்றவர்கள் ஜாதகம் அனுப்ப விலாசம் கூட இல்லாத மாப்பிள்ளை!

இதை டெலிவிஷனுக்குக் கொண்டுவர 1949-ல் ஆள் தேடினார்கள். கிளேட்டன் மூர் சிகாகோவில் 1914-ல் பிறந்தவர். இளம் வயதில் சர்க்கஸ் பார் விளையாட்டு. பிறகு நியூயார்க்கில் விளம்பரப் படங்களுக்கு நின்று கொடுக்கும் வேலை. பிறகு ஹாலிவுட்டில் குதிரையிலிருந்து விழுகிற வேலை. இடையில் யுத்தம் வந்து விமானப் படையில் சில வருஷங்கள். வாரா வாரம் வெளிவரும் தொடர் படங்களில் குதித்துக்கொண்டிருந்தவரை, ஸாரோவின் கதையொன்றில் முகமூடியோடு பார்த்தார் லோன் ரேஞ்சரின் சொந்தக்காரரான ஜார்ஜ் டிரெண்டில். ஆள் கிடைத்துவிட்டார்.

ரேடியோவில் கேட்டுப் பழகிய ஜனங்களுக்குக் குரல் மாறினால் பிடிக்குமா? மூர் தம்முடைய சாரீரத்தையே கனமாக்கிக்கொண்டு, ரேடியோ நடிகரைப் போலப் பேசப் பழகினார். முகத்தை மறைத்தாயிற்று, குரலும் தமதில்லை. ஒரு நடிகருக்கு வேறு என்னதான் மிச்சம்? ஆனாலும் ஜனங்கள் அவரைக் கண்டுகொண்டார்கள். அது எப்படித் தெரிந்தது என்றால், 1952-ல் அவரை விலக்கிவிட்டு ஜான் ஹார்ட் என்ற வேறொரு நடிகரை அதே முகமூடியோடு நடிக்க வைத்தார்கள். சம்பளத் தகராறு என்று பேச்சு. முகமூடிக்கு உள்ளே யார் இருந்தால் என்ன என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. 52 கதைகள் ஓடின. 1954-ல் மூரையே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்! 1957-ல் தொடர் முடிந்தபோது மொத்தக் கதைகள் 221. அவற்றில் 169 அவருடையவை.

டோன்டோவாக நடித்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஜே ஸில்வர்ஹீல்ஸ் நிஜமாகவே ஆதிக் குடியினர், கானடாவிலுள்ள மோஹாக் இனத்தவர், பந்தாட்ட வீரர். அவருக்கு எழுதிக் கொடுத்த வசனமெல்லாம் பாதி முறிந்த இங்கிலீஷ். எட்டு வருஷம் அதைப் பேசினார். பிற்காலத்தில் தம் மக்களுக்காக லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு நடிப்புப் பயிற்சிக் கூடம் ஆரம்பித்தார். அவருக்கு முகமூடியும் இல்லை. முதல் மரியாதையும் இல்லை. 1980-ல் காலமானார்.

1954-ல் இன்னொரு காரியமும் நடந்தது. ஜாக் ராதர் என்ற செல்வந்தர் 30 லட்சம் டாலர் கொடுத்து லோன் ரேஞ்சரை விலைக்கு வாங்கினார். கதை, பெயர், வேஷம் எல்லாம் சேர்த்துத்தான். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

தொடர் நின்ற பிறகு மூர் வேறு வேஷம் தேடி அலையவில்லை. அதே உடுப்பில், அதே முகமூடியில், கண்காட்சிகளுக்கும் கடைத் திறப்பு விழாக்களுக்கும் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளிடம் பேசினார். லோன் ரேஞ்சர் எப்படி நடப்பானோ அப்படியே தாமும் நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டார். பிழைப்புக்காகச் சொல்வது என்று நினைக்கிறீர்களா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஜே தாமஸ் என்ற நடிகர் இளம் வயதில் ஷார்லட் நகரத்தில் ரேடியோ அறிவிப்பாளராக இருந்தார். அவர் டெலிவிஷனில் வருஷா வருஷம் சொல்லிச் சிரிக்க வைத்த கதை இது. ஒரு கார் வியாபாரியின் கடைக்கு மூர் வந்திருந்தார். விழா முடிந்து அவரை அழைத்துப் போக வண்டி வரவில்லை. தாமஸும் நண்பரும் தங்களுடைய ஓட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். வழியில் வேறொரு கார் பின்னாலேயே வந்து மோதி, இவர்கள் வண்டியின் விளக்கை உடைத்துவிட்டு ஓடியது. துரத்திப் பிடித்தார்கள். போலீஸைக் கூப்பிடுவோம் என்றார்கள். அந்தப் பெரிய மனிதர், நீளத் தலைமயிர் வைத்திருக்கும் உங்களைப் போன்ற பையன்கள் சொல்வதைப் போலீஸார் நம்புவார்களா, நான் சொல்வதை நம்புவார்களா என்று கேலி செய்தார். அப்போது பின் ஸீட்டிலிருந்து முழு வேஷத்தோடு இறங்கினார் மூர். "நான் சொன்னால் நம்புவார்கள்" என்றார்!

இப்படிப்பட்டவருக்குத்தான் 1979-ல் தடை வந்தது. ராதரின் கம்பெனி புதிதாக ஒரு லோன் ரேஞ்சர் படம் எடுக்க ஏற்பாடு செய்தது. இளைஞர் ஒருவர் கதாநாயகர். கிழவர் ஒருவர் முகமூடியோடு ஊர் சுற்றினால் ஜனங்கள் குழம்புவார்கள், புதுப் படத்திலும் அவர்தான் என்று நினைப்பார்கள் என்று வாதாடினார்கள். சட்டப்படி பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. காசு கொடுத்து வாங்கிய சொத்து. ஆனால் நம்மில் எத்தனை பேர் வாடகை வீட்டில் இருபது வருஷம் குடியிருந்து, கொல்லையில் மல்லிகைப் பந்தல் போட்டு, மூன்று குழந்தைகளையும் அங்கேயே பெற்று வளர்த்திருக்கிறோம்? வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து காலி செய் என்கிறார். பத்திரம் அவரிடம்தான் இருக்கிறது. பந்தல் யாருடையது?

மூர் முகமூடியைக் கழற்றினார். கோர்ட்டு உத்தரவை மீறுகிறவரா லோன் ரேஞ்சர்? ஆனால் மறுபடி ஜனங்கள் முன் வந்தபோது, நெற்றிப் பொட்டு வரை வளைந்து சுற்றுகிற பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்று அவர் முகத்தில் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் முகமூடியேதான்! ஜனங்கள் கைதட்டினார்கள், அவருக்காகக் கையெழுத்து வேட்டையும் நடத்தினார்கள். அவரும் எதிர் வழக்குப் போட்டார்.

புதுப் படம் 1981-ல் வந்தது. பழைய பதிலாள் ஜான் ஹார்ட்டுக்குக் கூட அதில் ஒரு சின்ன வேஷம் கொடுத்தார்கள், மூருக்கு இல்லை. கதாநாயகர் கிளிண்டன் ஸ்பில்ஸ்பரிக்கு முகம் இருந்தது. குரல் சரிப்படவில்லை என்று ஜேம்ஸ் கீச் என்ற மற்றொரு நடிகரின் குரலை ஒட்டினார்கள். படம் படுதோல்வி. தங்கள் தாத்தாவின் முகமூடியைக் கழற்றிய கம்பெனியின் படத்துக்கு ஜனங்கள் ஏன் டிக்கட் வாங்க வேண்டும்?

1984-ல் தடை நீங்கியது. மூருக்கு அப்போது வயது 70. ஐந்து வருஷம் கழித்து முகமூடியை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டார். அது பழையபடி பொருந்திற்றா, கண்ணாடி முன் நின்று எத்தனை நேரம் பார்த்துக்கொண்டார் என்பதெல்லாம் அந்த வீட்டாருக்குத்தான் தெரியும்.

ஹாலிவுட்டில் நடிகர்களின் பெயர்களை நட்சத்திரமாகச் செதுக்கிப் பதித்த நடைபாதை ஒன்று இருக்கிறது. 1987-ல் அங்கே அவருக்கும் ஓர் இடம் கிடைத்தது. நடிகரின் பெயரை மட்டும் போடுவதுதான் அங்கே வழக்கம். இவருடைய கல்லில் 'கிளேட்டன் மூர்' என்று பொறித்து, அதோடு 'லோன் ரேஞ்சர்' என்றும் பொறித்தார்கள். 1999 டிசம்பர் 28-ந் தேதி தமது 85-வது வயதில் அவர் காலமான பிறகும், அந்தக் கல்லில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள்.